கருமந்தியும் பகவதி மயினியின் மூச்சும்

நாளைக் காலையில் நீங்கள் மலை ஏறுகிறீர்கள். காய்ச்சலுக்குக் கொயினா, அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர், நனையாத தீப்பெட்டி எல்லாம் ஆபீசில் கொடுத்திருப்பார்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். அதையெல்லாம் விளக்க நான் வரவில்லை. எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அதற்குள் மலைக்காய்ச்சல் மண்ணீரலைப் பிடித்துக்கொண்டது. "இனி நீ ஏறினால் நாலு பேர்தான் உன்னை இறக்கிக் கொண்டுவரணும்" என்று டாக்டர் சொன்னார். என்னை இந்த மேஜைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்திருக்கிறேனே தவிர, கால் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே பென்ஷன் வாங்கிய கிழவனைப்போல நான் புத்தி சொல்வதைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கேளுங்கள்.

நம் வேலையில் பிழை எங்கே நடக்கும் என்று கேட்டால், காட்டில் என்பீர்கள். எனக்கு நடந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் குடும்பத்தில்.

கீரிப்பாறைக்கு மேலே, தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற சரிவில், ஒரு கருமந்திக் கூட்டம் இருந்தது; ஊரார் கருங்குரங்கு என்பார்கள். நம் காட்சிசாலைக்கு வேண்டியது அதன் தோலும் மண்டையோடும்தான். எனக்கு அது போதவில்லை. அது என்ன தின்கிறது, எங்கே உறங்குகிறது, மழையில் எந்த மரத்துக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். கல்லூரியை விட்டு வந்த சூடு. மேலே இருந்தவர்களும், சரி, பையன் கொஞ்ச நாள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கூடவே ஒரு துப்பாக்கியும், மிருகம் சேகரிக்க அனுமதிச் சீட்டும் தந்தார்கள். அந்த மலையில் கருமந்தியைச் சுடச் சட்டப்படி அதிகாரம் உள்ள ஒரே ஆள், அதைச் சுட விரும்பாத நான்தான்.

கூட்டத்தை என்னிடம் பழகவைக்க மாதக்கணக்கில் ஆனது. எப்போதும் ஒரே காக்கிச் சட்டை. தூரத்திலேயே இருமிக்கொண்டு வருவேன், ஒளியமாட்டேன், ஓடமாட்டேன். முதலில் என்னைக் கண்டதும் ஊளையிட்டுக் கிளை கிளையாகப் பறந்தன. பிறகு உச்சியில் இருந்து முறைத்தன. பிறகொரு நாள் ஒரு கிழட்டுப் பெண் குரங்கு என் தலைக்கு மேல் உள்ள கிளையில் உட்கார்ந்து, காது கிழிந்த பக்கத்தைச் சொறிந்துகொண்டு, இலை தின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு நான் ஜெயித்ததாக நினைத்தேன். என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தாணு அண்ணாச்சி. ஆள் சாது, துரைக்குப் பயந்தவர். அவர் மனைவி பகவதி மயினி யாருக்கும் பயந்தவள் இல்லை. எனக்குச் சோறு அவர்கள் வீட்டில்தான். "கொரங்கு சாரு வந்தாச்சு, எலையப் போடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பரிமாறுவாள். அவளுக்கு இழுப்பு நோய். சாதாரண நாளில் சீட்டியடிக்கிற மாதிரி நெஞ்சில் ஒரு சத்தம். மோசமான நாளில் படுக்க முடியாது, முழங்காலில் கையை ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்தே கிடப்பாள்.

மீன மாதம் கழிந்த சமயம் ஒரு சாயங்காலம் அண்ணாச்சி என் குடிலுக்கு வந்தார். உட்காரவில்லை.

"சாரே, ஒரு காரியம். மறுக்கப்பிடாது."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"தக்கலைப் பக்கத்துல இருந்து வைத்தியரு வந்து பாத்தாரு. கருங்குரங்கு லேகியம் ஒரு மண்டலம் தின்னா இழுப்பு வேரோட போயிருமாம். ஆனா கடையில விக்கது பூரா வெல்லமும் ஆட்டுக்கறியுமாம். நல்ல சரக்கு வேணுமின்னா மிருகத்த நாமளே கொண்டு கொடுக்கணுமாம்."

நான் மூலையில் சாத்தியிருந்த துப்பாக்கியைப் பார்த்தேன்.

"ஒண்ணு சாரே. ஒரே ஒண்ணு. நான் சுட்டா பாரஸ்ட் கார்டு பிடிச்சுக்கிட்டுப் போவான். நீங்க சுட்டா அது படிப்பு."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அவரை எப்படியாவது அங்கிருந்து அனுப்பினால் போதும் என்று இருந்தது. "முதல்ல மயினிய மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. எடவப்பாதி மழைக்கு முந்தி சரியாகலைன்னா, நானே சுட்டுத் தாறேன்" என்றேன்.

ஆஸ்பத்திரி குணப்படுத்திவிடும் என்ற நிச்சயத்தில் சொன்னேன். இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. அந்தத் தென்மேற்கு மழைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது என்ற தைரியத்தில் சொன்னேன். எனக்குச் சொந்தமில்லாத ஒன்றை ஈடு வைத்து நாள் வாங்கினேன். நீங்கள் இதைச் செய்வீர்கள். எல்லோரும் செய்கிறோம். செய்யும்போது அது இரக்கம் மாதிரியே இருக்கும்.

மயினியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இருந்தவரை நன்றாக இருந்தாள். திரும்பி ஏறி வந்த வாரமே மறுபடி சீட்டி. "இங்கிலீஷ் மருந்து அப்படித்தான். அந்த ஆஸ்பத்திரிப் படி எறங்குனா கொணமும் போச்சு" என்றாராம் வைத்தியர். அண்ணாச்சி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போடும்போது வானத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு காட்டில் என் வேலை கெட்டது. கிளையில் ஒரு குரங்கு உட்கார்ந்தால், அது என்ன தின்கிறது என்று பார்த்த கண், இப்போது வேறு கணக்குப் போட்டது. இதைச் சுடலாமா? தலைவன் போனால் கூட்டம் சிதறும். அதைச் சுடலாமா? தொடையின் உட்புறம் வெள்ளைத் திட்டுத் தெரிகிறது, பெண். மடியில் செம்பட்டைக் குட்டி. அப்படியானால் அந்தக் காது கிழிந்த கிழவி? அதுதான் எல்லோருக்கும் முன்னால் மழைக்கு ஒதுங்குகிற மரத்துக்கு வழி காட்டுகிறது. தினமும் காலையில் ஏறி, யாரைக் கொல்வது என்று பார்த்துவிட்டு, சாயங்காலம் இறங்கி வந்தேன். அந்த வருஷம் மழை பிந்தட்டும் என்று நாஞ்சில் நாட்டிலேயே வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கீழே வயல்காரன் கேட்டிருந்தால் மண்வெட்டியால் அடித்திருப்பான்.

மழை பிந்தவில்லை.

முதல் மழை கொட்டி ஓய்ந்த காலையில் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். போனேன். மயினி சன்னலைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. உதடு நீலம்.

"கொரங்கு சாரா... வாங்க. உக்காருங்க... நாந்தான்... உக்காந்தே கெடக்கேன்."

"மயினி, மறுபடி ஆஸ்பத்திரிக்கு..."

"அங்க போனா... நல்லாருக்கு. இங்க வந்தா... பழையபடி. அந்த மருந்து... அங்க மட்டுந்தான்... வேல பாக்கும் போல." சிரிக்கப் போய் இருமினாள். இருமல் அடங்கியதும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை. "தம்பி. ஒங்க காட்டுல... எத்தனையோ இருக்கு. எனக்கு... நான் ஒருத்திதான். நீங்க... சொன்ன வாக்கு."

அதுவரை எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது: இதெல்லாம் அண்ணாச்சியின் ஆசை, மயினிக்குத் தெரிந்தால் வேண்டாம் என்பாள் என்று. அதுவும் போயிற்று. அவளுக்கு வாழ வேண்டும். அதை என் முகத்துக்கு நேரே கேட்டாள். நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

ஏறும்போது வழக்கமான இருமலே வரவில்லை. வராவிட்டாலும் ஒன்றும் கெடவில்லை. காக்கிச் சட்டையைக் கண்டதும் கூட்டம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தின்னத் தொடங்கியது. கிழவி வழக்கமான கிளையில் இருந்தாள். துப்பாக்கியை உயர்த்தினேன். அவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. குறி பார்க்கவே வேண்டாம், குச்சியால் தட்டிவிடுகிற தூரம். நான் பழக்கிய பழக்கம் இதற்குத்தானா?

அப்போது கீழே இருந்து புகை ஏறி வந்தது.

தோட்டத்தில் ரப்பர்ப் பாலை உறையவைத்து, தகடாக்கி, ஒரு கூடத்தில் தொங்கவிட்டுக் கீழே விறகு போட்டுப் புகை கொடுப்பார்கள். புகைப்புரை என்பார்கள். விறகு நனைந்திருந்ததால் அன்றைக்குக் கட்டி கட்டியாகப் புகை. அது சரிவைத் தொட்டதும் கூட்டம் எழுந்தது. முனகிக்கொண்டு, ஒவ்வொன்றாக, மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கிழவி கடைசியாக. இது நான் எத்தனையோ தடவை பார்த்ததுதான். புகை வந்தால் போகும். காற்று திரும்பினால் வரும்.

வெறுங்கிளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் ஆத்திரம், போய்விட்டதே என்று. பிறகு ஒன்று மண்டையில் இடித்தது. இவை எழுந்து போகின்றன. மயினி எங்கே எழுந்து போவாள்? கணக்கப்பிள்ளை வீட்டுச் சுவரும் புகைப்புரைச் சுவரும் ஒன்று. நான் தினமும் சோறு தின்ற வீடு. கண்ணைக் கசக்கிக்கொண்டே தின்ற வீடு. ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறாள், இங்கே வந்தால் இழுக்கிறது. மருந்து அல்ல, இடம்.

தம்பிமாரே, அந்த நேரத்தில் எனக்கு வந்தது அறிவா, சாக்கா? இன்றுவரை தெரியாது. சுடாமல் இருக்க ஒரு காரணம் வேண்டி நின்றவனுக்குக் காரணம் கிடைத்தது. இப்படிக் கிடைக்கிற காரணத்தைச் சந்தேகப்படுங்கள். ஆனால் சந்தேகப்பட்டுக்கொண்டே ஓட வேண்டியிருக்கும். நான் ஓடினேன்.

அண்ணாச்சி வாசலில் நின்றார். என் கையைப் பார்த்தார். தோளைப் பார்த்தார்.

"எங்க?"

"சுடல அண்ணாச்சி. இப்பவே மயினியக் கீழ கொண்டு போகணும். இந்தப் புகை..."

"சுடலியா?"

"இந்தப் புகையிலதான் இழுப்பு. வீட்டு மேல வந்து கவியுது பாருங்க."

அவர் என்னை அதுவரை மரியாதை குறைத்துப் பேசியதில்லை, 'நீரு', 'வே' என்று போட்டதில்லை. "வாக்கு தந்தீரேவே! நாக்குதானாவே அது? அவ இங்ஙன கெடந்து துடிக்கா, நீரு புகையக் காட்டுதீரு! இந்தப் புகையிலதான்வே எனக்க சோறு வேகுது! கீழ போயி நான் என்ன செய்ய? யாரு எனக்கு வேல வச்சிருக்கா?"

"பொறவு ஏறி வந்து சுடுதேன். சத்தியமா. இப்ப வண்டியக் கட்டுங்க."

"ஒம்ம சத்தியம்!" காறித் துப்பினார்.

உள்ளே இருந்து மயினியின் குரல். "சண்டை போடாதிங்க... எனக்குள்ள காத்தையும்... சேத்துல்லா... ரெண்டுபேருமா இழுக்கியோ." அண்ணாச்சி உள்ளே எட்டிப் பார்த்தார். "எங்க அண்ணன் வீட்டுல... கொண்டு விடுங்க. அங்கன்னா... படுத்துச் சாகலாம். இங்க... உக்காந்துல்லா சாகணும்."

தோட்டத்து வில்வண்டியில் கூட்டிப்போனார்கள். அண்ணாச்சி என்னை ஏறவிடவில்லை. நான் சாலையில் நின்றேன். வண்டி வளைவில் மறையும்வரை அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. மறைந்த பிறகும் கேட்டது. அன்றிலிருந்து தபால் பையைக் கண்டாலே காட்டுக்குள் ஏறிவிடுவேன். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். சத்தியம் செய்தேனே. செய்தி கெட்டதாக வந்தால் சுடுவதா, கெட்டதாக வந்த பிறகு சுட்டுத்தான் என்ன?

செய்தியே வரவில்லை. மழை வெறித்ததும் நானே நாகர்கோவிலுக்கு இறங்கினேன். வடசேரியில் அவள் அண்ணன் வீடு. முற்றத்தில் யாரோ கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். மயினி.

"ஏ, கொரங்கு சாரு!" என்றாள், முழு மூச்சில், இடையில் நிற்காமல். கயிறை விட்டுவிட்டாள், வாளி உள்ளே போய் விழுந்தது. நான் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டேன். புகைதான்! என் ஊகம் சரி! வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் உள்ளே போய் ஒரு பீங்கான் பரணியை எடுத்து வந்து காட்டினாள். அடியில் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"நீங்க தரலைன்னா என்ன? வந்த மறுநாளே எங்க அண்ணன் கொண்டு வந்தான். மகேந்திரகிரிப் பக்கத்துச் சரக்கு. ஒரு மண்டலம் தின்னு முடிச்சாச்சு. வேரோட போச்சு!"

அண்ணாச்சி அந்த ஊரிலேயே ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். அவருக்கு என்மேல் இப்போது கோபம் இல்லை, ஜெயித்தவனின் பெருந்தன்மை இருந்தது. "சாரே, எல்லாம் படிப்புல இருக்குன்னு நெனைக்கப்பிடாது" என்றார்.

இடத்தையும் மாற்றினார்கள், லேகியமும் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே நேரம். எது குணப்படுத்தியது என்று எந்தப் பண்டிதனாலும் சொல்ல முடியாது. எனக்கு அன்று அது பெரிதாகத் தோன்றவில்லை. ஆள் பிழைத்தாள், கூட்டமும் பிழைத்தது என்று பஸ் ஏறினேன்.

பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல விருப்பமில்லை. நீங்கள் நாளைக்குப் பார்க்கப் போகிற அந்தச் சரிவில் கூட்டம் சிறுத்துவிட்டது. உங்களைக் கண்டதும் ஓடும். காது கிழிந்த கிழவியைத் தேடாதீர்கள்.

மயினி பிழைத்த கதை பரவியது. எப்படிப் பரவாமல் இருக்கும்? இழுப்புக்காரி தண்ணீர் இறைக்கிறாள். கருங்கல் ஊரில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவள் மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். குளிர் தொடங்கியபோது காட்டில் முதல் வெடி கேட்டது. ஓடிப் போனேன். கூட்டம் அங்கேயே இருந்தது, சத்தம் எங்கிருந்து வந்தது என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு. கீழே நின்ற மனிதனை அவை பார்க்கவே இல்லை. மனிதனுக்குப் பயப்பட வேண்டாம் என்று அவற்றுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அந்த ஆள் சாக்கில் எதையோ திணித்துக்கொண்டிருந்தான். கையில் அவசரமும் பயமும். சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன்.

"எனக்க மகளுக்கு இழுப்பு சாரே. வடசேரியில ஒரு அம்மா தின்னு சொகமாயிருக்காளே. நீங்க கேள்விப்படலியா?"

அவனைப் பிடித்துக் கொடுக்கவில்லை. அன்றைக்கே பஸ் பிடித்து வடசேரி போனேன்.

மயினி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உமி பறந்தது, அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அண்ணாச்சி சாப்பிட வந்திருந்தார். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். வருகிறவர்களிடம், லேகியத்தால் அல்ல, புகையை விட்டு வந்ததால் சுகமானது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் மயினி, அந்தக் காட்டில் அவை மிச்சம் இருக்காது, ஒன்றும் ஓடாது, நான்தான் பழக்கிவிட்டேன் என்று கெஞ்சினேன்.

முறத்தைக் கீழே வைத்தாள். "புகைதான்னு ஒங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"நெனைக்கேன்."

"நெனைக்கீங்களா, தெரியுமா?"

"...நெனைக்கேன்."

"நாளைக்கு ஒருத்தி புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு வருவா. அது இழுத்துக்கிட்டுக் கெடக்கும். நான் தின்னு பொழைச்சிட்டு, நீ தின்னாதேட்டின்னு அவகிட்ட சொல்லணும். தெரியாம எப்பிடிச் சொல்ல?"

அவள் விரலால் அரிசியை அளைந்துகொண்டு யோசித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சுக்கிடதுக்கு ஒரு வழி இருக்குல்லா. லேகியம் வேரோட எடுத்துட்டுதுன்னா, நான் அந்தப் பழைய வீட்டுல போயி இருந்தாலும் ஒண்ணும் வரப்பிடாது. வந்துதுன்னா, புகைதான். பொறவு நான் ஊரு பூரா சொல்லுதேன். போயி இருந்து பாக்கட்டா?"

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவள் உதட்டில் பழைய நீலம் எதுவும் இல்லை. அண்ணாச்சி பிசைந்த சோற்றோடு என்னைப் பார்த்தார். மேலே கூட்டம் இருந்தது, செம்பட்டைக் குட்டிகளோடு. அவள் சொன்னது சரியான பரிசோதனை. அதைவிடச் சரியானதை நான் படித்த எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை. சில நாள் போதும். மோசமானால் உடனே இறக்கிவிடலாம். ஒரு வண்டியைத் தயாராக நிறுத்தி வைத்தால்...

"வேண்டாம் மயினி" என்றேன்.

சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. அண்ணாச்சியின் கையில் இருந்த சோறு இலையில் விழும் அளவுக்கு நேரம் ஆயிற்று. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.